நல்ல தண்ணீரில் கழுவிய கற்கள்

அம்மா சூலூருக்கு வந்த மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். அங்கே என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"ஏளா, இங்க காத்துல ஒண்ணுமே மணக்கலியே."

பின் தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே விமானப்படை விமானம் ஒன்று ஜன்னல் கம்பி அதிரப் போனது. காதுக்கு வேண்டியது எல்லாம் சூலூரில் உண்டு. மூக்குக்கு என்று தனியாக எதுவும் இல்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் அப்படி இருந்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

அம்மா தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அப்பா போன பிறகு தனியாக இருந்தாள். நான் ஒரே பெண். இங்கே வந்துவிடு என்று கூப்பிடும்போதெல்லாம், பார்க்கலாம் என்பாள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால் ஊற்ற வந்த பெண் கதவைத் தட்டிச் சந்தேகப்பட்டு ஆள் கூட்டி வரும்வரை அப்படியே கிடந்திருக்கிறாள். நல்லவேளையாக இடுப்பு எலும்பில் கீறல் மட்டும்தான். செய்தி கேட்டு ஓடிய நான், யாரிடமும் கேட்காமல் அவள் புடவைகளை ஒரு பையில் அடைத்துக் கையோடு கூட்டி வந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். அந்தக் கோபத்தில் நடந்த காரியம் அது.

அம்மா சண்டை போடவில்லை. ஆனால் பையைப் பிரிக்கவும் இல்லை. அது அவள் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. உடுத்திய புடவை துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி அதற்குள்ளேயே போகும். அலமாரியில் நான் ஒழித்துக் கொடுத்த தட்டு காலியாகவே கிடந்தது. தை பிறந்ததும் போய்விடுவேன் என்று வந்த வாரத்திலேயே சொல்லிவிட்டாள். பூட்டிய வீட்டில், வழுக்கும் குளியலறையோடு, அவள் தனியாக இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவளைத் துரத்தியது எங்கள் வீட்டு மரியாதையும்தான் என்று சொல்ல வேண்டும். என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், எங்களோடுதான் இருக்கிறார். அவரும் கணவரை இழந்தவர்தான். சம்பந்தி வந்திருக்கிறார் என்றதும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. உட்காருங்க சம்பந்தி, சாப்புடுங்க சம்பந்தி, நீங்க எதுக்குங்க சம்பந்தி இதையெல்லாம் எடுக்கறீங்க என்று வெங்காயம்கூட உரிக்க விடமாட்டார். கொங்கு நாட்டு உபசாரம் இரண்டு நாளைக்குத் தேன். இரண்டு மாதத்துக்கு அது, நீ விருந்தாளி என்று தினமும் சொல்லிக் காட்டுவது. தூத்துக்குடிப் பக்கத்தில் சம்பந்திமார் ஒருவரை ஒருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அம்மாவின் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. அவளும் பதிலுக்குச் 'சம்பந்தியம்மா' என்று எட்ட நின்றே பேசுவாள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு நல்ல மீன் வாங்கலாம் என்று கோவை உக்கடம் மார்க்கெட்டுக்குப் போனேன். முந்தைய வாரம் வாங்கிப் போன விளை மீனைப் பார்த்து, ஐஸில் படுத்த மீனுக்கு வாசம் ஏது என்று அம்மா தள்ளி வைத்திருந்தாள். அன்றைக்கும் எல்லாம் ஐஸில்தான் படுத்திருந்தன. வெறுங்கையோடு திரும்பி வரும் சந்தில் ஒரு மீன் தொட்டிக் கடை. வெயிலுக்காக உள்ளே நுழைந்தேன், அவ்வளவுதான். கடைக்காரர் மூலையில் இருந்த பெரிய தொட்டியின் மூடியைத் தூக்கி எதையோ சரி செய்துகொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்தேன். தூத்துக்குடியில் எங்கள் தெருமுனை. கடல் பின்வாங்கின பிறகு கல் இடுக்கில் நிற்கிற அந்த வாசம், அப்படியே.

அது கடல் நீர்த் தொட்டி என்றார் கடைக்காரர். கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த பழைய கோவைக்காரர். வியாபாரம் செய்யவே விருப்பமில்லாதவர் போலப் பேசினார். மீன் வேண்டும் என்றால் தர மாட்டேன், இன்னும் இரண்டு மூன்று மாதம் கழித்து, பொங்கல் வாக்கில்தான் தருவேன் என்றார். முதலில் உப்புத் தண்ணீர், பிறகு மணல், அதன் மேல் லைவ் ராக். பார்த்தால் வெறும் கல்தான். ஆனால் அதன் துளைக்குத் துளை கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன. தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பது அவைதான். அவை ஊன்றின பிறகுதான் மீன் விடலாம் என்று விளக்கினார். கடலில் பவளக்கல் எடுத்தால் கேஸ் என்பது தூத்துக்குடியில் குழந்தைக்கும் தெரியும். அதனால் இது எங்கே எடுத்தது என்று கொஞ்சம் மிரட்டலாகவே கேட்டேன். அவர் சிரித்தார். கடலில் எடுத்ததில்லை, செய்த கல், தன் தொட்டியில் வருடக்கணக்காக ஊறப்போட்டு உயிர் ஏற வைத்தது என்றார்.

"கல்லுதானுங்க எல்லாம். கல்லு உசுரோட இருந்தா மத்ததெல்லாம் தானா வருமுங்க" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் சொன்னபோது என் கணவர், கடலையே கூரியரில் வரவழைக்க முடியாதா என்று கேட்டார். கேலி செய்தாலும் கண்ணாடித் தொட்டியைக் காரில் போர்வை சுற்றி ஏற்றி இறக்கியது அவர்தான். கூடத்தில் அம்மாவின் அறை வாசலுக்கு எதிரே இரும்பு ஸ்டாண்டு அடித்து அதை வைத்தோம்.

சண்டை தண்ணீரில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் இரண்டு வகைத் தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர், குளிக்க, துவைக்க. குழாயில் சில நாளைக்கு ஒரு தரம் வருவது நல்ல தண்ணீர். அதை டிரம்களில் பிடித்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டி வைத்திருப்பார் அத்தை. அந்த டிரம்களில் சொம்பை விடுவதற்கு இந்த வீட்டில் பிறந்த என் கணவருக்கே அனுமதி கிடையாது. தொட்டிக்குச் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும், அதை மெஷினில் வடிகட்டி, அதில்தான் உப்பைக் கலக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அத்தைக்கு நெஞ்சு பதறிவிட்டது. உப்புத் தண்ணிதான் வேணும்னா போர்ல வேண்டிய மட்டும் வருதே கண்ணு, நல்ல தண்ணியக் கொண்டுபோய் யாராச்சும் கெடுப்பாங்களா என்றார். அந்த உப்பு வேறு, இந்த உப்பு வேறு என்று நான் பொறுமையிழந்து சொன்னதில் அவருக்கு எதுவும் விளங்கியிருக்காது. என் ஆசைக்காக ஒரு டிரம்மை விட்டுக்கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

நான் வேலை பார்ப்பது மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில். மெஷினுக்கு ஊற்றும் கூலன்டின் அடர்த்தியைப் பார்க்க ஒரு சின்னக் குழாய் வைத்திருப்போம். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும். கடல் உப்பைப் பார்க்கவும் அதே மாதிரி ஒன்றுதான். அதனால் உப்புக் கரைப்பது எனக்குப் பழகின காரியமாக இருந்தது. மணல்தான் ஏமாற்றிவிட்டது. அதைத் தொட்டியில் பரப்பித் தண்ணீர் ஊற்றினதும் எல்லாம் வெள்ளையாகக் கலங்கி, எதிர்ப்பக்கம் தெரியவில்லை. அம்மா அறை வாசலில் வந்து நின்று பார்த்தாள். மோர்ப் பந்தல் வைக்கப் போறியா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வந்ததிலிருந்து அவள் செய்த முதல் கேலி அது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தண்ணீர் தெளிந்த பிறகு கல் வந்தது. தெர்மோகோல் பெட்டியில், உப்புத் தண்ணீரில் நனைத்த செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார் கடைக்காரர். கூடத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். அம்மா கட்டிலில் படுத்திருந்தவள் எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கையூன்றி உட்கார்ந்து, ஒரு கல்லை எடுத்துக் குழந்தையின் தலையை முகர்கிற மாதிரி மூக்கருகே வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று முதல் அம்மாவின் நாற்காலி தொட்டிக்கு முன்னால் வந்துவிட்டது. வெறும் கல்லை வைத்துக்கொண்டு இதில் என்ன பார்ப்பது என்று அத்தை என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பார்க்க நிறைய இருந்தது. கல்லின் ஓட்டையிலிருந்து கடுகு அளவு நத்தைகள் வந்தன. நூல் போன்ற புழு ஒன்று மணலுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பின்பக்கம் இருந்த கைக்கடக்கமான சின்னக் கல்லில் ஒரு குழாய்ப் புழு குடியிருந்தது. சிறு குழாய்க்குள்ளிருந்து அரக்கு நிற விசிறி ஒன்றை விரித்து வைத்திருக்கும். நிழல் பட்டால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் வெகுநேரம் வெளியே வராது. அம்மா அதற்குக் கோவக்காரி என்று பேர் வைத்தாள். அது யாரைச் சொன்னது என்று விளக்கம் வேறு கொடுத்தாள்.

தொட்டியில் அவளுக்கு ஒரு வேலையும் அமைந்தது. தண்ணீர் தினமும் கொஞ்சம் ஆவியாகிக் குறையும். உப்பு ஆவியாகாது, தங்கிவிடும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். கண்ணாடியில் மட்டத்தைக் குறிக்க என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்தேன். தினமும் காலையில் அம்மா மெஷினில் வடிந்த தண்ணீரைச் சொம்பில் பிடித்து, பொட்டு வரைக்கும் நிதானமாக ஊற்றுவாள். இந்த வீட்டில் அத்தை அவளிடமிருந்து பறிக்காத ஒரே வேலை அதுதான்.

ஒருமுறை மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் பம்ப் நின்றுவிட்டது என்று அம்மா என் கம்பெனிக்கு போன் செய்தாள். தண்ணீர் அசையாமல் நின்றால் கல்லில் இருக்கிறதெல்லாம் மூச்சு முட்டிவிடும், கலக்கிவிட்டுக்கொண்டே இரு என்றேன். மாலையில் வீடு திரும்பினால், அம்மா நாற்காலியில் அசந்து உட்கார்ந்திருக்க, அத்தை நின்றுகொண்டு அகப்பையால் தொட்டியைத் துழாவிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் முறை வைத்து நாள் முழுக்கக் கலக்கியிருக்கிறார்கள். சோறு கூட ஆக்கவில்லை கண்ணு, ஓட்டலில் வாங்கிக்கலாமா என்று கேட்டார் அத்தை. எங்கள் வீட்டு வரலாற்றிலேயே நடக்காத விஷயம் அது.

இதையெல்லாம் பார்த்து எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அம்மாவுக்கு மனம் மாறிவிட்டது என்றே நினைத்தேன். மார்கழி பிறந்ததும் அவள், பொங்கலுக்கு அடுத்த வாரம் தூத்துக்குடிக்கு டிக்கெட் போடச் சொன்னாள். நான் கத்தினேன். இத்தனையும் உனக்காகத்தானே செய்தேன் என்றேன். அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எவ்வளவு நாளைக்கு விருந்தாளியாவே இருக்க? பொங்கலுக்கு மீன் வருதுல்லா, அதப் பாத்துட்டுப் போயிருதேன்."

டிக்கெட் போட்டுவிட்டேன். கைப்பேசியை வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் தொட்டி அசிங்கமாகிவிட்டது. புதுத் தொட்டிக்கு ஒரு பழுப்புக் காலம் உண்டு. மணலிலும் கல்லிலும் துரு படிந்த மாதிரி பாசி படரும். அதைத் தொடாமல் விட்டால் தானே போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தால் நிறம் சரியாகத்தான் காட்டியது. கல் ஊன்றிவிட்டது, பொங்கலன்று மீன் கொண்டு போங்கள் என்று அவரே போனில் சொன்னார். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது சாக்கடை மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்த ஒருவர் மூக்கைச் சுளித்ததை அத்தை பார்த்துவிட்டார். அம்மாவும் பார்த்தாள். எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

கம்பெனியில் பொங்கல் லீவுக்கு முன்னால் ஆர்டர்களை அனுப்பும் நெருக்கடி. தொட்டிப் பக்கம் போகவே எனக்கு நேரமில்லை. ஒருநாள் காலையில் அவசரமாகப் பார்த்தபோது கோவக்காரியைக் காணோம் என்று தோன்றியது. அம்மாவிடம் கேட்டேன். உள்ளே போயிருப்பா, அவ குணந்தான் தெரியுமே என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

காப்புக் கட்டுக்கு முந்தைய நாள். கொங்குப் பக்கத்தில் மார்கழி கடைசி நாள் சாயங்காலம் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரையில் செருகுவார்கள். அதற்குள் வீட்டில் இருக்கும் சாமான் ஒன்று விடாமல் கழுவியாக வேண்டும். பரண் மேல் கிடக்கும் அண்டா முதல் சுவரில் மாட்டிய கடிகாரம் வரைக்கும் அத்தையின் கை படாமல் தப்பாது. அன்று நான் லீவு போட்டு அம்மாவைக் கோவைக்கு அழைத்துப் போயிருந்தேன். பஸ்ஸில் தனியாகப் போகிறவளுக்கு இடுப்பு எலும்பு எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடே பளபளத்தது. கூடத்தில் தொட்டி அதைவிடப் பளபளத்தது. கண்ணாடியில் ஒரு சொட்டுக் கறை இல்லை. மணல் அரிசி களைந்த மாதிரி வெள்ளையாகப் பரப்பியிருந்தது. தண்ணீர் அத்தனை தெளிவு. அதற்குள் கல் ஒன்றுகூட இல்லை. அத்தை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாருங்க சம்பந்தி. மீன் வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வெச்சரோணும்னு செஞ்சுபோட்டனுங்க. கல்லெல்லாம் புழு வெச்சுக் கெடந்துச்சுங்க. தேங்கா நாரு போட்டுத் தேச்சு, மாடியில காயப் போட்டிருக்கறனுங்க."

உப்புத் தண்ணீரிலா என்று கேட்டார், அப்போதுதான் வேலையிலிருந்து வந்து நுழைந்த என் கணவர், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல். இல்லை சாமி, எல்லாமே நல்ல தண்ணியில, இருந்த டிரம் எல்லாத்தையும் எடுத்துட்டேன் என்றார் அத்தை. தொட்டியில் நிரம்பியிருந்ததும் அதுதான். உப்பே இல்லாத நல்ல தண்ணீர். சொம்பை விட யாரையும் அனுமதிக்காத டிரம்கள் வாய் கவிழ்ந்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

நான் கத்தினது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். எத்தனை மாத உழைப்பு, யாரைக் கேட்டுக் கை வைத்தீர்கள், அத்தனையும் செத்துப்போச்சு என்றெல்லாம் சொன்னேன். மீனே இன்னும் வரலியே கண்ணு, என்ன செத்துப்போச்சு என்று அத்தை புரியாமல் கேட்டார். கல்தான் உயிர் என்றேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெதுவாக இறங்கியதைப் பார்த்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். பிறகு மாடிப்படி ஏறினாள். பின்னாலேயே நானும் போனேன்.

மொட்டை மாடியில் கயிற்றுக் கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து, கற்களை இடைவெளி விட்டு அடுக்கி வைத்திருந்தார் அத்தை. வடகம் காயப் போடுகிற நேர்த்தி. நாள் முழுக்க வெயிலில் காய்ந்து எலும்பு போல வெளுத்திருந்தன. அம்மா ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தாள்.

"ஒண்ணுமே மணக்கலியே" என்றாள்.

இனி எதைச் சொல்லி அவளை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போகப் போகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது அத்தை பின்கட்டில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டி வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"ஊட்டுக்கு வந்தவங்க மூஞ்சியச் சுளிச்சாங்கன்னு நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. எனக்கு மனசு கேக்கலீங்க சம்பந்தி. நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு நாளாச்சும் அதப் பளிச்சுனு பாக்கோணும்னுதானுங்க செஞ்சேன்."

அம்மா அவர் முந்தானையை விலக்கினாள். உள்ளங்கையிலும் விரல் நுனிகளிலும் கீறல் கீறலாக இருந்தது. அந்தக் கல் ரம்பம் மாதிரி. கையுறை இல்லாமல் நானே தொடமாட்டேன். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் விரலை விட்டு நார் போட்டுத் தேய்த்திருக்கிறார். இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

"என்ன மதினி இது" என்றாள் அம்மா. "கையக் காட்டுங்க. ஏளா, தேங்கா எண்ணெய எடுத்துட்டு வா."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நான் தள்ளிப் போய் நின்றேன். அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவினாள். அத்தை வேண்டாங்க, நீங்க எதுக்குங்க என்று சொல்லவில்லை. நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் கூடத்துக்கு வந்த பிறகு கடைக்காரருக்கு போன் செய்தேன். காய்ந்த கல்லைத் தூக்கிப் போட வேண்டாம், திரும்ப உயிர் ஏறும் என்றார். உயிருள்ள கல் ஒரு துண்டு இருந்தால் போதும், அதை நடுவில் வைத்தால் அதிலிருந்து மற்றதுக்குப் பரவும், ஆறேழு மாதம் பிடிக்கும். ஆனால் அவர் கையில் இப்போது கொடுக்கக் கல் இல்லை, பொங்கல் கழித்து ஏற்பாடு செய்கிறேன் என்றார். தொட்டியில் இருக்கிற நல்ல தண்ணீரையே மெஷினில் வடிகட்டி உப்பைக் கரைத்தால் போதும் என்றும் சொன்னார். அப்ப அந்தத் தண்ணி வீணாப் போகலீங்களா என்று அத்தை தலை நிமிர்ந்தார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தன் அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் எவர்சில்வர் தூக்குவாளி, இன்னொரு கையில் அந்தப் பை. வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே தொட்டித் தண்ணீர். அதற்குள் பின்பக்கத்துச் சின்னக் கல். எங்கள் நிழல் பட்டதும் விசிறி சட்டென்று உள்ளே போனது.

"ஊருக்குக் கொண்டுபோலாம்னு, மீன் வந்தா கைய விட முடியாதேன்னு முந்தாநாளே எடுத்து வச்சிட்டேன். அங்க வீட்டுல எம் பக்கத்துல ஒரு உயிராவது இருக்கட்டும்னு" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்க்கவில்லை. "காலைலயும் சாயங்காலமும் தண்ணி மாத்திட்டுத்தான் இருந்தேன். உயிரோடதான் இருக்கா."

இரண்டு தெரு தள்ளிக் கடலை வைத்துக்கொண்டு இந்தக் கல்லை எதற்கு அங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அது கடலுக்காக எடுத்த கல் இல்லை என்று அந்த நேரத்தில் எனக்கும் விளங்கியது. இங்கே அவளுக்குக் கிடைத்த ஒரே சொந்தம் அது. இந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுபோக நினைத்ததும் அது ஒன்றைத்தான்.

உப்புக் கரைய ஒருநாளாவது ஆகும், அதன் பிறகு இந்தக் கல்லை நடுவில் வைக்கலாம் என்றேன். ஆறேழு மாதம் என்றாரே, அதுவரைக்கும் தினமும் பொட்டு வரைக்கும் தண்ணீர் ஊற்றுவது யார் என்று அம்மா கேட்டாள். நீ வேலைக்குப் போயிடுவ, மதினி ஊத்துனா தொட்டியைத் திரும்பக் கழுவிருவாக என்றாள். அத்தைக்குக் கண்ணில் தண்ணீரோடு சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அம்மா பையோடு அறைக்குள் போய் அதைக் கட்டில் மேல் கவிழ்த்தாள். புடவைகள், அப்பாவின் மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா எல்லாம் விழுந்தன. புடவைகளை எடுத்து அலமாரியில் காலியாக இருந்த தட்டில் அடுக்கினாள். காலிப் பையை உதறி அத்தையிடம் நீட்டினாள்.

"வீட்டுச் சாமான் எல்லாத்தையும் கழுவணும்னு சொன்னியள்லா மதினி. இதையும் கழுவிருங்க."

அத்தை அதை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். கை எரியும், நான் கழுவுகிறேன் என்று சொல்லிக்கொண்டே நானும் பின்னால் போனேன். அவர் கேட்கவில்லை. சமையலறையில் குடிக்க வைத்திருந்த கடைசிக் குடத்தைத் தூக்கி வந்து, பையை நல்ல தண்ணீரில் கழுவினார்.